காரமில்லாத பந்தி

"என்னாது, தாய்லாந்து சாப்பாடா? நம்ம ஆர்த்தி கல்யாணத்துக்கா?"

சுப்பராயலு போட்ட சத்தத்தில், போனைக் கீழே வைத்த காசியம்மாள் தம்பியை அடக்கினாள்.

"மெதுவா பேசுடா. சம்பந்தியம்மாதான் திண்டிவனத்துலேர்ந்து பேசுனாங்க. ஊருக்கெல்லாம் நீங்க என்ன வேணா போடுங்க, சம்பந்தி பந்திக்கு மட்டும் சமையல் எங்களுது. எங்க பக்கம் யாரும் காரம் தொட மாட்டோம்னு சொல்றாங்க."

"பந்தாவைப் பாத்தியாக்கா! மாப்ள ஆரோவில் பக்கத்துல தாய்லாந்து ஓட்டல்ல சமைக்கிறாரு. அதை ஊருக்கே காட்டணும், வேற என்னா? அந்த ஊரு சாப்பாடே காரத்துக்குப் பேர்போனதாம். அதுலயும் காரமில்லாததா பொறுக்கி எடுத்துப் போடுவாங்களாம். பேஜாரு புடிச்ச சம்பந்தம்."

காசியம்மாளுக்கும் மனசு சுருக்கென்றுதான் இருந்தது. சம்பந்தியம்மா கிருஷ்ணவேணி கேட்கவில்லை, உத்தரவு போட்டாள். 'மொளகாத்தூள் வாசனைகூட வரக்கூடாது, சொல்லிட்டேன்' என்று வேறு.

ஆனால், உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அதைத் தம்பியிடம்கூடச் சொல்ல முடியாது.

போன வருஷம் அவள் கணவர் அரசப்பனுக்கு வாயில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து, கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தார்கள். முருகன் புண்ணியத்தில் குணமாகிவிட்டது. ஆனாலும் துளி காரம் பட்டால் போதும், வாய் நெருப்பாக எரியும், கண்ணில் தண்ணீர் கொட்டும். வீட்டில் மோர்ச்சோறும் கஞ்சியும்தான்.

'நோய்க்காரக் குடும்பம்' என்று மகள் ஆர்த்திக்கு வரும் இடம் தட்டிப்போய்விடுமோ என்று பயந்து, புருஷனும் பெண்டாட்டியும் இதை வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டார்கள்.

கல்யாணத்தில் இரண்டு அப்பாக்களும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எல்லார் கண்ணும் அங்கேதான் இருக்கும். பெண்ணைப் பெற்றவர் சரியாகச் சாப்பிடாமல் எழுந்தால், 'என்னா மனக்குறையோ' என்று பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பந்தி நல்லபடியாக முடிய வேண்டுமே என்றுதான் மயிலம் முருகனிடம் தினமும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"பேசறவங்க பேசட்டும்டா. அவங்க ஆசைப்பட்டதையே போடட்டும்" என்றாள்.

விழுப்புரத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் சம்பந்தி பந்தி தொடங்கியது. மாப்பிள்ளை பிரேம்குமாரோடு வேலை செய்யும் பையன்களே சமைத்துப் பரிமாறினார்கள். எலுமிச்சைப் புல் வாசனையோடு தேங்காய்ப்பால் சூப்பு. புளியும் வெல்லமும் போட்டுப் புரட்டிய அரிசி நூடுல்ஸ். உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் மிதக்கும் மஞ்சள் குழம்பு.

"இது என்னாப்பா, மல்லாட்டைக் கொழம்பா?" அரசப்பன் பயந்து பயந்து தொட்டு நக்கினார்.

"மசாமன் குழம்புங்க. வறுத்த மல்லாட்டை, தேங்காய்ப்பால். காரம் சுத்தமா இல்லீங்க."

ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். கண் கலங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."

"மாமா, பிள்ளை பெத்தவளுக்குப் போடற பத்தியக் கொழம்புகூட இதைவிட ஒறப்பா இருக்கும்!" எதிர் வரிசையிலிருந்து சுப்பராயலு கிண்டலடித்தான்.

"நீ வேணாம்னா இலையை இப்பிடித் தள்ளு மச்சான், நான் பாத்துக்கறேன்."

பந்தியே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா கிருஷ்ணசாமி மட்டும், இலையில் எதையோ தேடுகிறவர் மாதிரி மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாம்பழத்தோடு பரிமாறிய ஒட்டரிசிச் சோற்றையும் அரசப்பன் விடவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த காசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் இப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! பந்தாவோ கிந்தாவோ, அந்தம்மா நல்லா இருக்கணும் என்று நினைத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்ததும் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் அறைக்குப் போனாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து கிருஷ்ணசாமியின் குரல் கேட்டது.

"ஜல்தி அந்த ஊறுகா டப்பாவ இப்பிடித் தள்ளுடி. நாக்கே செத்துப் போச்சு எனக்கு."

எட்டிப் பார்த்தாள். ஊருக்குப் போட்ட வத்தக்குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டு, கிருஷ்ணவேணி மோர்மிளகாயை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி... நீங்க காரமே தொட மாட்டேன்னு..."

கிருஷ்ணவேணிக்குப் புரையேறியது.

"யாரு, இவளா?" கிருஷ்ணசாமி பெரிதாகச் சிரித்தார். "பச்ச மொளகா கடிச்சிக்கலன்னா இவளுக்கு சோறே எறங்காதும்மா!"

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, கிருஷ்ணவேணி எழுந்து வந்தாள். காசியம்மாளைக் கதவோரமாக இழுத்து, கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நிச்சயத்தன்னிக்கு அண்ணன் சாம்பார்ல தண்ணி ஊத்திக்கினு சாப்ட்டாரு. அப்பவும் கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. ஏன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேணாம். காரம் வேணாம்னு பொண்ணைப் பெத்தவரு சொன்னா, நாலு பேரு ஏன்னு நோண்டுவாங்க. மாப்ள வூட்டுக்காரங்க சொன்னா, பந்தான்னு பேசிட்டுப் போயிடுவாங்க. பேசிட்டுப் போவட்டும், அண்ணி!"