நடுங்காத ஹேண்டில்பார்

ஏற்காட்டு மலைச்சரிவில் நடக்கும் சைக்கிள் பந்தயங்களுக்குக் குமுதினிதான் சைக்கிள்களின் சஸ்பென்ஷனை, அதாவது கணினி பொருத்திய அதிர்வுதாங்கியை, சரிசெய்து கொடுப்பாள். வழியிலுள்ள கல்லை முன்கூட்டியே அறிந்து, அதிர்வு கைக்கு ஏறாமல் அது விழுங்கிவிடும். ஓட்டுபவரின் உடம்பையும் கவனித்து அவளுக்குச் சொல்லும்.

அவள் கணவர் இளம்பரிதி அறுபது வயதிலும் அந்தப் பந்தயங்களில் ஓட்டுபவர். அவருடைய இடது கை நடுங்குவதாகச் சைக்கிள் சென்ற மாதம் அவளுக்குத் தெரிவித்தது. அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அந்த நடுக்கத்தையும் சேர்த்து விழுங்கும்படி சஸ்பென்ஷனை மாற்றி வைத்தாள்.

பந்தயத்தன்று காலை, சட்டையெல்லாம் டீ கொட்டியிருக்க அவர் வந்து நின்றார்.

"குமுதி, டம்ளரைப் பிடிச்சா கை நிக்க மாட்டேங்குது. சைக்கிள்ல மட்டும் நிக்குது. என்ன பண்ணி வெச்சிருக்க?"

அவள் உண்மையைச் சொன்னாள். "சைக்கிளை விட்டுட்டா நீங்க என்ன ஆவீங்கன்னு பயந்துட்டேங்க."

"என் கை சொல்றது எனக்குத் தெரிய வேணாமா? எல்லாத்தையும் அணைச்சுடு."

அரை மனதோடு அணைத்தாள்.

அடிவாரத்தில் மற்ற போட்டியாளர்கள் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகும் அவரைக் காணவில்லை. குமுதினி பாதையின் வளைவுவரை ஏறிப் போய்ப் பார்த்தாள். கடைசியாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிரித்தபடி நடந்து வந்தார்.

"பாதிக்கு மேல பிடிக்க முடியல, இறங்கிட்டேன். அதுவரைக்கும் வழியில இருந்த கல்லு ஒண்ணு விடாம எல்லாமே என் கையை நலம் விசாரிச்சுது" என்றவர், நடுங்கும் கையை அவளிடம் நீட்டினார். "நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாம். நீயும் கூட வா."