வெள்ளிக் கால்

ஒஸ்வால்ட் குனிந்து நேவியைத் தூக்கினான்.

இடுப்பில் கை பட்டதும் நாய் வீரிட்டது. பிறகு, கத்தியது தன் பிழை என்பதுபோல, அவன் கையை நக்கிக் கொடுத்தது.

அவன் பெண்சாதி செலீன் பார்த்துக்கொண்டு நின்றாள். கடிக்கவாவது கூடாதா இந்தச் சனியன்?

உலகச் சண்டை தொடங்க முந்தி, இங்கிலீசுக் கடற்படைக்காரன் ஒருவன் துறைமுகத்தில் விட்டுப்போன குட்டி. அதனால்தான் நேவி என்று பெயர். பிள்ளையில்லாத வீட்டில் அது பிள்ளையாகவே வளர்ந்தது. கொட்டாஞ்சேனைத் தெருவில் ட்ராம் மணி கேட்டால் போதும், செலீன் சந்தையால் வந்துவிட்டாள் என்று வாசலுக்குப் பாயும். இப்போது எழும்பி நிற்பதற்கே சுவரில் சாய வேண்டியிருக்கிறது. பின்னங்கால் மூட்டுப் பூட்டு இரண்டும் தேய்ந்துபோய்விட்டன.

அவள் செய்யாத வைத்தியமா? செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. இனி ஊசி போட்டு மேலே அனுப்பிவிடுவதுதான் புண்ணியம் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அது படுக்கவும் முடியாமல் அனுங்குவதைக் கேட்டபிறகு இனியும் தள்ள மனம் வரவில்லை.

ரிக்‌ஷாவில் குலுங்கும், நாய்க்கு நோகும், நானே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்று ஒஸ்வால்ட்தான் சொன்னான்.

யார் சொல்கிறது பாருங்கள்! துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் நசுங்கி, உட்கார்ந்த கதிரையே கதி என்று கிடந்த மனுஷன். கக்கத்துக் கட்டையால் இதே நாயை இடித்துத் தள்ளியவன். இனி இவன் நடந்த மாதிரித்தான் என்று அயலே பேசிக்கொண்டது.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செலீன் நேர்த்திக்கடனாக வெள்ளிக் கால் கட்டியதைப் பக்கத்து வீட்டுக் கனகேஸ்வரி கண்ணால் கண்டாள். கண்டவள் சும்மா இருப்பாளா? நேரே வந்து ஒஸ்வால்டிடம் சொன்னாள். அவன் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான்.

அதற்குப் பிறகுதான் கதிரையைப் பிடித்து எழும்பினான். கொஞ்ச நாளில் கட்டை மூலைக்குப் போனது. ஆளும் மாறிவிட்டான். நேவியைத் தடவிக்கூடக் கொடுத்தான். அந்தோனியாரின் புதுமை, அற்புதம் என்று தெரு முழுக்க ஒரே கதை.

வாசற்படியில் நின்று அவன் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அழாதை செலீன். என்ர காலுக்காக அந்தோனியாரிட்ட மண்டாடினனீ. உனக்காக நான் இதைச் செய்யமாட்டனே?"

அவள் நேவியின் காதை நீவிவிட்டாள்.

அன்றைக்குச் செட்டியார் தெரு நகைப் பத்தரிடம் நேர்த்திக்கென்று வெள்ளியில் கண், கை, கால் எல்லாம் இருந்தன. நாய்க்கால் இருக்கிறதா என்று கேட்க அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்த மனுஷக் காலையே வாங்கிக்கொண்டு போனாள்.

கட்டும்போது யாருக்கென்று பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பக்கத்தில் கனகேஸ்வரி முழங்காலில் நின்றாள். புருஷன் கட்டையோடு கிடக்க இவள் நாய்க்கு நேர்த்தி வைக்கிறாள் என்று ஊர் சிரிக்காதா? அந்தோனியாருக்குத் தெரியாததா என்று, நேவியின் பெயரை விழுங்கிவிட்டாள்.

அந்தோனியார் என்ன செய்வார், பாவம். மனுஷக் காலைப் பார்த்தார், மனுஷனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒஸ்வால்ட் தெருவில் இறங்கினான். நாய் அலுங்காமல், நொண்டல் என்பதே இல்லாமல் நடந்தான். அவன் தோளுக்கு மேலால் நேவி அவளையே பார்த்துக்கொண்டு போனது.

அந்தக் கால் இந்த இடத்திலேயே மடங்கிவிடக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. ஐயோ, என்ன நினைப்பு இது! அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவன் பின்னால் சத்தம் போட்டாள்.

"மெல்லமா நடவுங்கோ, நோகும்!"

ஒஸ்வால்ட் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தான். தன் கால் எவ்வளவு சுகமென்று அவளுக்குக் காட்ட, எட்டி எட்டி வைத்து நடந்தான்.

நேவி வீரிட்டது வாசல் வரைக்கும் கேட்டது.