வெள்ளி நாக்கு

தோணியின் தலைவரான தண்டல் மனுவேல் ஒரு அதட்டல் போட்டால் துறைமுகமே திரும்பிப் பார்க்கும். பக்கவாதம் அவரையும் சாய்த்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மனைவி பிலோமினா மாதா கோயிலில் நேர்ச்சையாக வெள்ளிக் கை செய்து வைத்தாள், கை அசைந்தது. வெள்ளிக் கால் வைத்தாள், நடந்தார். பேச்சு மட்டும் வரவில்லை.

வாயைத் தொட்டுக் காட்டினார்.

"நாக்கு செய்யச் சொல்லியாச்சு. தட்டார்தான் இழுத்தடிக்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் பூசைக்குப் போன நேரம், தானே நடந்துபோய், தன் கையாலேயே டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சேலைக்கடியில் வெள்ளி நாக்கு. செய்து வெகுநாளாகிக் கறுத்தே போயிருந்தது.

திரும்பி வந்த பிலோமினா பதறவில்லை. அதை வாங்கிப் பத்திரமாக உள்ளே வைத்தாள்.

"என்ன அவசரம்? கலியாணம் ஆனதுல இருந்து நீங்கதான பேசுனீங்க? கொஞ்ச நாள் நான் பேசிக்கிடுதேன்."