சங்கமா வந்தாத்தான்

லாரி முதலாளிகள் சங்கத்தார் வந்ததும் வராததுமாக அமைச்சரின் அறைக்குள் போனார்கள். உள்ளே அவர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டதும், காலையிலிருந்து வெளியே உட்கார்ந்திருந்தவள் எழுந்து உதவியாளரிடம் போனாள்.

"நான் காத்துக் கிடக்கேன், அவங்க மட்டும் நேரா போறாங்க?"

உதவியாளர் நெளிந்தார். "அவங்க பின்னால ஓட்டு இருக்கும்மா. ஐயா தனி ஆளுங்களைப் பார்க்கறதில்லை. சங்கமா வந்தாத்தான்..."

மறுவாரம் பத்துப் பெண்களோடு வந்தாள். புதுச் சங்கம் என்றதும் அமைச்சரே கதவைத் திறந்து கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"நீயா?"

"மந்திரிகள் மனைவிமார் சங்கத் தலைவிங்க. ஒரே கோரிக்கைதான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாங்க. வாசல்ல டிவிக்காரங்க நிக்கிறாங்க. என்ன பதில் சொல்லட்டும்?"