மீனைத் தொடாதவன்

“நாகிமுலி அக்கா, அந்தக் கம்பாலா ஆள் இன்னிக்கும் வந்திருக்கான். மூணாவது தடவை” என்றான் படகோட்டி செகிட்டோ, துடுப்பைச் சாப்பாட்டுக் கடைச் சுவரில் சாய்த்தபடி.

“புல்வே நாரையைப் பார்க்க வந்திருப்பான். வரட்டுமே.”

“எங்க பார்த்தான்? நாரை பத்தடியில நிக்குது, இவன் திரும்பக்கூட இல்ல. முன்னெல்லாம் அது கண்ணுல பட்டாலே அன்னிக்கு வலை காலின்னு விரட்டுவோம். இப்ப அதைப் பார்க்க வர்ற கூட்டம்தான் நமக்குச் சோறு போடுது. இவன் என்னடான்னா மூபிரு அண்ணனைப் பத்தியே கேக்கறான். எப்படிப் பேசுவாரு, எத்தனை பிள்ளைன்னு.” குரலைத் தாழ்த்தினான். “உயரம், நெத்தி எல்லாம் அண்ணன் மாதிரியே இருக்குக்கா. அண்ணன் கம்பாலாவுல நாலு வருஷம் இருந்தாரு இல்ல?”

“வாயைக் கழுவுடா.”

ஆனால் அகப்பை நின்றுவிட்டது. அவள் புருஷன் மூபிருவின் படகு சதுப்பில் கவிழ்ந்து இரண்டு வருடம். ஏறியிருந்தவர்கள் எதிர்க்கரை சேர்ந்தார்கள். அவன் மட்டும் சேரவில்லை. இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் அவள் அவனைச் சந்தேகப்பட்டதில்லை. அவன் விட்டுப்போனதில் அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

“என்ன குலம்னு கேட்டியா?”

“கேட்டேன். வியானின்னு ஞானஸ்நானப் பேரை மட்டும் சொன்னான். அப்புறம் தண்ணியையே பார்த்துக்கிட்டிருந்தான்.”

“சாப்பிடக் கூட்டிட்டு வா.”

அரசரின் படகுகளை ஓட்டிய மம்பா குலத்தார், தங்கள் குலப்பெயர் கொண்ட மம்பா என்ற சதுப்பு மீனைத் தொட மாட்டார்கள். கூடப் பிறந்தவனைத் தின்பது போல அது. மூபிரு அந்தக் குலம். பிள்ளைக்கும் அப்பன் குலம்தான். அவன் இருந்தவரை அவள் அடுப்பில் மம்பா ஏறியதில்லை. இன்று அவளே பக்கத்துக் கடையில் ஒரு துண்டு வாங்கி வந்து நிலக்கடலைக் குழம்பில் போட்டாள். தின்றால் யாரோ ஒருவன். தள்ளினால் மூபிருவின் ரத்தம்.

வியானி தலை நிமிராமல் வாழைக்காய் மசியலை உருட்டி உருட்டிச் சாப்பிட்டான். குழம்புக் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தான்.

“ஏன் தம்பி, கம்பாலாக்காரங்களுக்கு எங்க ஊர் மீன் நாறுதோ?” என்றான் செகிட்டோ.

“அப்படியெல்லாம் இல்லண்ணே. வேண்டாம்.”

நாகிமுலி அகப்பையைக் கீழே வைத்தாள். பலகையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். “சுத்தி வளைக்காம சொல்லு. உங்கப்பா யாரு?”

“ஒகெல்லோன்னு பேரும்மா. வடக்கே, குலு ஊர்ல வாத்தியார்.”

“வடக்கத்திப் பிள்ளையா? அப்புறம் ஏன் மீனைத் தொடல?”

அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

“இந்தத் தண்ணி மீன் தொண்டையில இறங்காதும்மா. அன்னிக்குப் படகு கவிழ்ந்தப்ப, உங்க வீட்டுக்காரர் தன்னோட மிதவைச் சட்டையைக் கழட்டி எனக்குத்தான் மாட்டிவிட்டாரு.”