பதின்மூன்று கடிதங்கள்

பிறந்தநாள் போய்ப் பதினாறு நாட்கள் ஆகியும் கப்பலின் கைக்கு அவள் அப்பாவின் கடிதம் வரவில்லை.

கப்பல் என்பது எங்கள் விடுதி அறையின் மூன்றாம் கட்டில்காரிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். அவள் அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மற்ற மாதங்களில் முன்பின் ஆகும். பிறந்தநாளுக்கு மட்டும் தவறவே மாட்டார்.

தபால் பொறுப்பு மாதத்துக்கு ஒருத்தி. இந்த மாதம் நான். வேதியியல் வகுப்பு முடிந்ததும் ஆய்வகக் கோட்டோடு வார்டன் அறைக்கு ஓடி, தபால் கட்டை வாங்கி, சாப்பாட்டு அறையில் பெயர் சொல்லிக் கொடுப்பேன்.

கப்பல் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

"வெளியிலேர்ந்து வரலன்னா என்னடி, நாம எழுதுவோம்" என்றாள் அறைத்தலைவி.

அறையில் மீதிப் பதின்மூன்று பேரும் எழுதினோம். வார்டனின் பூனை எழுதியதாக ஒன்று: உன் குறட்டையில் எலியெல்லாம் ஊரைவிட்டே ஓடிவிட்டன, நான் பட்டினி.

என்னுடையதுதான் நீளம். நான்கு பக்கம்.

கப்பல் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இன்று மாலை, போகிற தபாலைப் பையில் கட்டிக்கொண்டிருந்தேன். கப்பல் ஓர் உறையை நீட்டினாள். ஒட்டிய பசை இன்னும் காயவில்லை.

"அப்பாவுக்கு. இனிமே எழுத வேணாம், லீவுக்குக் கூட்டிட்டுப் போகவும் வர வேணாம்னு எழுதிட்டேன். எனக்குத்தான் நீங்க பதிமூணு பேர் இருக்கீங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உறையைக் கையில் வைத்திருந்தேன். பையில் போட்டேன். வாயைக் கட்டினேன். தபால் வண்டிக்காரர் வாங்கிக்கொண்டார்.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்வரை எனக்குச் சொல்ல நேரம் இருந்தது.

கப்பல் என் தோளில் கை போட்டாள்.

"வாடி, டீ ஆறிடும்."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"உங்கப்பா எழுதியிருந்தாருடி. பொறந்தநாளுக்கு மூணு நாள் முன்னாடியே வந்துடுச்சு. நீ காய்ச்சல்ல படுத்திருந்த. சாயங்காலம் குடுக்கலாம்னு கோட்டுப் பையில வெச்சேன். மறந்து கோட்டத் தொவைக்கப் போட்டுட்டேன். ஒரு எழுத்துகூட மிஞ்சல."