தார் முடிகிற இடம்

தார் ரோடு முடிகிற இடத்தில் பாடையை இறக்கினார்கள்.

தலைமாட்டைத் திருப்பி வைத்தார்கள். பெண்கள் மூன்று சுற்றுச் சுற்றி வந்து அழுதார்கள். இனி அவர்கள் வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டியதுதான். ஊரில் எப்போதும் அப்படித்தான்.

அவளும் சுற்றி வந்தாள். அழுதாள்.

திரும்பவில்லை.

அம்மாவின் தலைமாட்டைத் தாண்டிப் போய், சுடுகாட்டுப் பாதையின் முதல் வரிசைக் கல்லில் ஏறி நின்றாள். கடைசிவரைக்கும் கூடப் போக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

பெரியப்பா மகன், கயிற்றில் தொங்கும் கொள்ளிச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தான். ஆண்பிள்ளை இல்லாத அம்மாவுக்குக் கொள்ளி வைக்க ஊர் பிடித்துக் கொடுத்த பிள்ளை.

பாதை பேவர் பிளாக் பதித்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் போகும் அகலம். அதற்கு மேல் ஒரு சாண்கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் ராத்திரி மழையில் ஊறிய கரிசல்.

கூத்தலிங்கம் சின்னையா முன்னால் வந்தார். ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறவர் அவர்.

"பொம்பளைக இத்தோட நிக்கணும் தாயி. புதுசாவா சொல்றேன்?"

அவள் நகரவில்லை.

அப்பா செத்த அன்றும் இங்கேதான் நிறுத்தினார்கள். அன்றும் மழை. பாதை அப்போது வெறும் மண். தூக்கினவர்களில் ஒருவருக்குக் கால் புதைந்து, பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பா சேற்றில் விழுந்ததை அவள் இங்கிருந்தே பார்த்தாள். ஓடப் போனவளைப் பெண்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

அதனால்தான் பாதை போடும் வேலை வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள்.

கரிசல் லேசுப்பட்ட மண் இல்லை. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். மேலே எவ்வளவு அழகான கல்லைப் பதித்தாலும், அடியில் போட்டது சரியில்லையென்றால் ஒரே மழையில் பல்லிளித்துவிடும். இது அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. அங்கே வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். காண்ட்ராக்டருக்கும் தெரியும். தெரிந்தேதான், இடித்த வீட்டுச் செங்கலையும் காரையையும் டிராக்டரில் ஏற்றி அனுப்பினார்.

"பொணம் போற பாதைக்கு இது போதாதாக்கும்?" என்றான் டிராக்டர்காரன்.

"பொணமா நடக்குது? தூக்குறவுகதான நடக்கணும்."

சொல்லிவிட்டு, தோண்டிய பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். கூட வேலை பார்த்த சீனித்தாயும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொட்ட வழியில்லாமல் டிராக்டர் வந்த வழியே போனது.

மறுநாள் கருங்கல் ஜல்லி வந்தது.

முழங்கால் ஆழத்துக்குக் கரிசலை அள்ளி வெளியே போட்டார்கள். முதலில் பெரிய ஜல்லி. அதன் மேல் சின்ன ஜல்லியும் கிரஷர் தூசியும் கலந்தது. ஒரு பரப்புப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, அது இறுகிய பிறகுதான் அடுத்த பரப்பு. ரோலர் எட்டாத ஓரங்களை அவள் திமிசுக்கட்டையால் இடித்தாள். அப்பாவை நினைத்துக்கொண்டு இடித்தாள். போதும் விடு என்று மேஸ்திரி சொன்ன பிறகும் இடித்தாள்.

அந்த நாட்களில் அவளும் சீனித்தாயும் தலையில் ஜல்லிச் சட்டியோடு, தார் முடிகிற இந்த இடத்தைத் தாண்டி, எரிமேடை வரைக்கும் போய்ப் போய் வந்தார்கள். எரிமேடைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்துதான் மத்தியானச் சோறு தின்றார்கள். ஊருக்கு ஒரு கெடுதலும் வந்துவிடவில்லை. வழியிலேயே கொட்டாமல் உள்ளே கொண்டு போகச் சொல்லி நின்று விரட்டியவரே சின்னையாதான்.

அதை அவள் இப்போது சொன்னாள்.

"ஜல்லிச் சட்டியோட வந்தப்ப உள்ள போ, உள்ள போன்னீகளே சின்னையா."

 

சின்னையா தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பி, அவளைச் சுற்றிக்கொண்டு ஓரமாக இறங்கிப் போகும்படி கையைக் காட்டினார்.

பாடை தோளுக்கு ஏறியது. முன்னால் நின்றவன் ஒரு காலைக் கரிசலில் வைத்தான். கணுக்காலுக்கு மேல் உள்ளே போனது. பாடை லேசாக ஆடியது.

 அவள் கையை நீட்டிவிட்டாள். ஆனாலும் கல்லை விட்டு இறங்கவில்லை.

அவன் காலைப் பிடுங்கி, திரும்பவும் தாரில் ஊன்றினான்.

"இதுல எறங்குனா ஆத்தா விழுந்துரும் சின்னையா."



அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எரிமேடைப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் அவள் காலடி மட்டும்தான் கேட்டது.

பிறகு பின்னால் நான்கு பேருடைய காலடி. எங்கும் தடுமாறவில்லை. ஒரு கல்கூட ஆடவில்லை.

"ஏ, நில்லுடி. நானும் வாரேன்."

சீனித்தாய்.

பாதி வழியில், பாடைக்கு முன்னால் வந்துகொண்டிருந்த பெரியப்பா மகன் எட்டி நடந்து, அவளுக்குப் பக்கத்தில் வந்தான். தடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள். வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கீழே கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சட்டி ரொம்பச் சுடுதுக்கா."

கயிற்றில் தொங்குகிற சட்டி கையைச் சுடாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் கையை நீட்டினாள்.